புதைத்த விரால்

பிள்ளை பெற்றுப் படுத்திருந்த என் மனைவிக்கென்று ஒரு பெண் உயிரோடு கொண்டுவந்து தந்த விரால் மீனை நான் வீட்டுக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைத்தேன். மறுநாள் மீன் தந்தவளிடம், குழம்பு நன்றாக இருந்தது என்று சொன்னேன். புதைத்தது பயத்தில் செய்தது. அதை யாரும் மன்னித்துவிடலாம். சொன்ன பொய்யைப் பற்றித்தான் இப்போது, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

1970களின் நடுவில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்கு மருந்து பூசும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். பஞ்சுப் பொதிகள்மேல் போர்த்தும் தார்ப்பாயில் தீப்பொறி விழுந்தாலும் பற்றக்கூடாது. அதற்கான மருந்து அது. விளக்கெண்ணெய்போல் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். வாடை அதிகம் கிடையாது. யாரும் மறுபடி எடுத்துப் புழங்கிவிடக்கூடாது என்று, காலியான டிரம்மின் அடியில் கடப்பாரையால் ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்பவேண்டும் என்பது விதி. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தண்ணீர் லாரிக்காகத் தெருவே குடத்தோடு காத்துக்கிடந்த ஊரில், ஓட்டையில்லாத டிரம் என்றால் சும்மாவா? "சாரு, ஓட்டை போட்டுராதிய" என்று கேட் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். நான் நாசரேத்துப் பக்கத்தில் மிஷன் பள்ளியில் படித்து வளர்ந்தவன். இல்லாதவர்களுக்கு உதவுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என்னைப் பார்த்ததும் ஜனங்கள் எழுந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. சலவைச் சோடா போட்டு நன்றாகக் கழுவுங்கள், குடிதண்ணீர் மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தனுப்புவேன். அவ்வளவு சொல்லிவிட்டால் என் கடமை தீர்ந்தது என்று நினைப்பு.

விராலக்கா என்று சந்தையில் எல்லோரும் அழைத்த அந்தப் பெண்ணும் அப்படித்தான் வந்து கேட்டாள். "குடிக்கவா போறேன் சாரு? மீனுதான கெடக்கப்போவுது." அந்தப் பேச்சில் எனக்கும் அப்போது தவறு தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

கடல்மீன் குவிந்துகிடக்கும் ஊரில் குளத்து விராலை யார் வாங்குவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அங்கே விரால்தான் கொடுப்பார்கள். அதுவும் உயிரோடு இருக்கவேண்டும். செத்த விராலை ஒருவரும் தொடமாட்டார்கள். அதனால் மேற்கேயுள்ள குளங்களில் பிடித்த மீனை விராலக்கா என் டிரம்களில் விட்டு, கோழிக்குடல் போட்டு, வாரக்கணக்கில் வைத்திருந்தாள். மீன்கள் சாகவில்லை. கொழுத்தன. கையை விட்டால் வாலால் அறைந்தன.

செத்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். டிரம்மின் மூட்டுகளில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பைத் தேடிப் போகும் என்பது வேதியியல் படித்த எனக்குத் தெரியும். பூச்சிமருந்து மீனின் கொழுப்பில் சேர்ந்துகொள்வதைப் பற்றிக் கல்லூரியிலேயே படித்திருந்தேன். தெரிந்ததை நினைத்துப் பார்க்காமல் இருந்தேன். அந்த மீன் என் அடுப்படிக்கு வந்த அன்றுதான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

"டீச்சருக்குக் கொடுங்க, பால் நல்லாச் சொரக்கும்" என்று வாளியை வைத்துவிட்டுப் போனாள். டீச்சர் வேலை பார்த்த என் மனைவி மீன் எங்கே என்று கேட்டபோது, பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன்.

குழம்பு நன்றாக இருந்தது என்று நான் சொன்ன பொய்யை விராலக்கா சந்தைக்குக் கொண்டுபோனாள். யோசித்து நிற்கிறவர்களிடம், "கம்பெனி சாரு வீட்டுல பிள்ளை பெத்தவளுக்கே எம் மீனுதான்" என்பாள். நான் அந்தப் பக்கம் போனால் என்னையே கைகாட்டுவாள். நானும் தலையாட்டியிருக்கிறேன். ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக, "மவ பிரசவத்துக்கு வந்திருக்கா சாரு. டீச்சருக்கு மாதிரியே தெனமும் விராலுதான்" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. குழந்தை பிறந்த செய்தி வந்த பிறகே அவள் வீட்டுக்குப் போனேன்.

டிரம்மைப் பற்றிச் சொன்னேன். புதைத்ததையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினாள். உள்ளே குழந்தை அழுதது.

"டீச்சருக்கு ஆவாதுன்னு தெரிஞ்சிருக்கு. எம் மவளுக்கு மட்டும் ஆவுமோ?"

குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதுதான் உண்மை, அவளுக்கு அது பொய்யைவிட மோசமாக இருந்திருக்கும்.

"நாளைக்குச் சந்தைக்கு வாரும். நீரே சொல்லும். நான் சொன்னா ஆரு கேப்பா?"

போனேன். அவள் பக்கத்தில் நின்று, மீன் கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "துள்ளுத மீனுல என்ன வேய் விசம்? சாருக்குப் படிச்சுப் படிச்சு மூளை சூடாயிட்டு. தலைக்கு எண்ணெய் தேயும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவரும் அன்று வாங்காமல்தான் போனார். அவள் முன்னாலேயே அவளுடைய டிரம்களில் ஓட்டை போட்டேன். அவள் வீட்டு முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டிக்கொடுத்தேன். புதுத்தொட்டி மீனையும் ஒருவரும் வாங்கவில்லை. எதிர்வரிசையில் விரால் விற்றவனிடம் போனார்கள். அவனுக்கும் டிரம் கொடுத்தவன் நான்தான். அவனிடமும் கெஞ்சிப் பார்த்தேன். "இது வேற டிரம்மு சாரு" என்று சத்தமாகச் சொன்னான். கூட்டம் அவனை நம்பியது.

நடந்ததைக் கம்பெனியில் சொன்னேன். இனிமேல் ஒழுங்காக ஓட்டை போடு என்றார்கள். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. விராலக்கா உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள்.

பிறகு பல வருடங்கள், சாலையில் உப்பளத்துப் பெண்களோடு அவள் வருவதைப் பார்ப்பேன். என்னைக் கண்டால் நிற்பாள். "டீச்சரு நல்லா இருக்காவளா? பிள்ளை நல்லாப் படிக்கானா?" என்று கேட்பாள். நல்லா இருக்காங்க அக்கா என்பேன். அதற்குமேல் நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அவள் சற்றுநேரம் காத்து நிற்பாள். என் முகத்தைப் பார்ப்பாள். நான் சைக்கிளை நகர்த்திக்கொண்டு போய்விடுவேன். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.