பிளாஸ்டிக் யன்னலைக் கீறினவர்கள்

கண்ணாடி யன்னலைக் கழுவத் தண்ணீரும் துணியும் போதும். பிளாஸ்டிக் யன்னலைக் கழுவ, அதைப் பிறர் தொடாதபடி காவலும் போட வேண்டும். இலங்கையில் சண்டைக் காலத்தில், புத்தளம் கடற்கரையோரம் முந்தல் பக்கம் வாகனம் கழுவிப் பிழைத்தவன் நான். துணிக்கூடு போட்ட பழைய ஜீப்புகள் அப்போது நிறைய ஓடின. கூட்டின் பக்கங்களிலும் பின்னாலும் கண்ணாடிக்குப் பதிலாகத் தெளிந்த பிளாஸ்டிக் தாள் தைத்திருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து வயிறெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், என் கோபம் அதிகம் என்று சொல்லமாட்டார்கள்.

காய்ந்த துவாய்

நம் கரைக் காற்றில் உப்பும் குறுமணலும் சேர்ந்தே வரும். பிளாஸ்டிக்கில் மாவு போல ஒட்டிக்கொள்ளும். முதலில் மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு மணலை இறக்க வேண்டும். யன்னல் ஒன்றுக்கு மூன்று வாளி; இரண்டோடு நிறுத்தினால் மணல் மிச்சமிருக்கும். பிறகு சவர்க்கார நுரையை வெறும் உள்ளங்கையால் தடவ வேண்டும். ஒரு மணல் தங்கியிருந்தாலும் கைக்குத் தெரியும், துணிக்குத் தெரியாது. கடைசியில்தான் பழைய சாரன் துண்டு, அதுவும் மேலிருந்து கீழாக.

ஒரு நாள் மீன் முதலாளி ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். கிணற்றில் அள்ளிய வாளியோடு திரும்பிப் பார்க்கிறேன், தோளில் கிடந்த துவாயால் பின்யன்னலை வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். துவாயில் மீன் செதில் வேறு. அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. ஓடிப் போவதற்குள் யன்னல் முழுக்கச் சிலந்தி வலை போலக் கீறல். பழக்கமில்லாதவர்களோடு கத்த எனக்கு வராது. வாளியை நிலத்தில் ஓங்கி வைத்தேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"நீங்க தண்ணி அள்ளி வாறதுக்குள்ள நானே முடிச்சிட்டன், பாத்தீங்களா?" என்றார்.

வெள்ளிக்கிழமைத் திருநீறு

பக்கத்து ஊரான உடப்பு இராசையா என் வாடிக்கை. புத்தளம் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஜீப்பில் ஆள் ஏற்றுவான். அது ஓடினால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். நல்ல பொடியன்; அண்ணன் முறை வைத்து என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் திருநீற்றைக் குழைத்துப் பின்யன்னலில் மூன்று விரலால் இழுத்துவிடுவான். மறுநாள் அது காய்ந்ததும் வெறும் துணியால் அழுத்தித் துடைப்பான். அடுத்த வெள்ளி, அதே இடத்தில் மறுபடியும்.

சாம்பலால் எங்கள் வீட்டில் சட்டி துலக்குவார்கள். அதை ஒரு முஸ்லிம் அவனிடம் எப்படிச் சொல்வது? வார்த்தை தேடியே மாதக்கணக்காகப் போனது. கடைசியில், "தம்பி, அத இரும்பில பூசினா என்ன? பிளாஸ்டிக்கில மூணு வரி விழுந்து போச்சு," என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுக் கும்பிட்டான். "அழியவே இல்ல நானா! அம்மன் ஏத்துக்கிட்டா."

மச்சானின் மருந்து

அந்த மூன்று வரிக்குள் உப்புத்தூசி ஏறி யன்னல் கலங்கிவிட்டது. இராணுவச் சோதனைச் சாவடியில் பின்பக்கமாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு உள்ளே இருக்கும் முகங்கள் தெரியவில்லை. ஒரு நாள் எல்லோரையும் இறக்கி வெயிலில் நிறுத்தினார்கள். அதில் நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் இருந்தாள். உள்ளே தெரியாமல் இனி வந்தால் ஜீப்பும் முகாமில் நிற்கும், நீயும் நிற்பாய் என்று இராசையாவிடம் சொல்லி அனுப்பினார்கள். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு முகாமுக்குள் போவது என்றால் என்னவென்று அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும்.

அவன் நேரே என்னிடம் வந்திருக்கலாம். வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கும் தன் மச்சானிடம் போனான். மச்சான் தின்னரை ஊற்றித் தேய்த்திருக்கிறார். யன்னல் தேங்காய்ப்பால் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் இரண்டு பேருமாக என் முன்னால் வந்து நின்றார்கள். நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

மச்சான் சொன்னார்: "ஏன் நானா மூஞ்சிய நீட்டுறீங்க? கீறல் போச்சுத்தானே?"

சாவடி

புதுத் தாள் தைக்கச் சிலாபம் போக வேண்டும். சிலாபம் போவதென்றாலும் சாவடியைத் தாண்ட வேண்டும். வேறு வழியில்லாமல் நானே இறங்கினேன். நனைத்த பஞ்சில் பற்பசையைத் தொட்டு, விரல்நுனி அளவாக, உள்ளும் புறமும் மெல்ல மெல்லத் தேய்த்தேன். அன்று வேறு வண்டி எடுக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில், யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற இராசையாவின் மீசை எனக்குத் தெரிந்தது.

மறுநாள் புத்தளத்துக்குத் தனியாக ஓட்டிப் போக அவனுக்குப் பயம். நானும் ஏறிக்கொண்டேன். சாவடியில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த இளம் சிப்பாய் ஒருவன் அப்படியே எழும்பி வந்தான். யன்னலில் வழித்தூசி படிந்திருந்தது. மணல் ஒட்டிய சட்டைக் கையால் அதை அழுத்தித் தேய்த்துவிட்டு எட்டிப் பார்த்தான். கர்ரென்றது. அவன் பேசிய சிங்களம் எனக்கு விளங்கும். "என்ன இது, முழுக்கக் கீறல்? நாளைக்கு இப்படி வரக்கூடாது," என்றான், அந்தக் கீறலைப் போட்டவன்.

திரும்பி வந்ததும் சவர பிளேடை எடுத்தேன். "என்ன நானா செய்யப் போறீங்க?" என்று இராசையா கேட்கக் கேட்க, தையல் ஓரமாக வெட்டி, நாள் முழுக்க நான் தேய்த்த தாளை முழுதாகப் பிடுங்கி எறிந்தேன். அடுத்த நாள் விடியவே மழை. பின்னால் இருந்த சனம் நனைந்துகொண்டே போனது. அதே சிப்பாய் வந்து, தேய்க்கக் கையை நீட்டியிருக்கிறான். கை உள்ளே போய்விட்டது. ஈர முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தானாம். அவன் சொன்னதை இராசையா பின்னேரம் வந்து எனக்கு அப்படியே சொன்னான்:

"இப்பதான் ஒழுங்கா கழுவியிருக்கு. போ."

இத்தனை வருடத் தொழிலில், ஒருவராலும் கீற முடியாத யன்னல் என்று நான் செய்து கொடுத்தது அந்த ஓட்டை ஒன்றைத்தான்.