கையெழுத்துப் போட்ட பேஸ் கிடார்

துக்கத்துக்கு மருந்தாக எலக்ட்ரிக் கிடார் வாங்கக் கிளம்பிய ஆள் நான். அதுவும் ஐம்பது தாண்டிய வயதில், தலைக்கு டை அடித்துக்கொண்டு.

மனைவி இறந்த கோடையிலிருந்து எனக்கு எதுவும் பிடிக்கவில்லை என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பிடிக்காமலும் இல்லை. இட்லி இட்லியாக இருந்தது, அவ்வளவுதான். பசுமலையில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவன், அதை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டேன். கிறிஸ்துமஸ் நெருங்க, நான் திரும்ப வருவேனா என்று குழுவில் கேட்க ஆரம்பித்தார்கள். கையில் எடுத்தால் ஏதாவது தோன்றுமா என்பது எனக்கே தெரியவில்லை.

குழுவை நடத்துவது என் மச்சினன், அவளுடைய தம்பி. "புதுசா ஒண்ணு தொட்டுப் பாருங்க மச்சான், தன்னால வரும்" என்று பழங்காநத்தத்தில் ஒரு கடைக்கு இழுத்துப்போனான். அங்கே ஒரு சிக்னேச்சர் மாடல் வந்திருந்தது. வெளிநாட்டு வாத்தியக்காரர் ஒருவர் சொன்ன அளவில் செய்து, தலைப்பகுதியில் அவர் கையெழுத்தையும் பொறித்த பேஸ். கம்பியைக் கட்டைவிரலால் அறைந்து வாசிப்பதில் அவர் சூரராம்.

குறை சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. கழுத்து மெலிந்து கைக்குள் அடங்கியது. வாரைத் தோளில் மாட்டிக் கையை விட்டாலும் தலைப்பக்கம் சாயவில்லை. கம்பிகள் கட்டையை ஒட்டித் தாழ இருந்தும் எங்கும் உரசி இரையவில்லை. பேஸை மதிப்பிடக் காதைவிடத் தொப்பை நம்பகமானது. அடிக்கம்பியை மீட்டினால் மரம் அதிர்வது வயிற்றில் தெரியவேண்டும். தெரிந்தது. வயிற்றோடு நின்றுவிட்டது.

"ஏதாச்சும் வாசிங்கண்ணே" என்றார் கடைக்காரர்.

வாசித்தேன். அவர் முதலில் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு எழுந்து நின்றார். அப்போதுதான் என் விரல்கள் என்ன வாசிக்கின்றன என்று கவனித்தேன். அடக்க ஆராதனையில் பெட்டியைத் தூக்கும்போது பாடுகிற பாட்டு. சபையில் யார் போனாலும் அதற்கு நான்தான் பேஸ். அவளுக்கு மட்டும் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

"யாருண்ணே தவறிட்டாங்க?"

"வீட்டுல."

அழுகை வருமென்று மூவரும் மரியாதையாகக் காத்திருந்தோம். வரவில்லை. யாரோ வந்து மவுத் ஆர்கன் இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் உட்கார்ந்தார்.

அருமையான கிடார் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நிஜமாகவே அருமையான கிடார்தான்.

வெளியே வந்ததும், "ஒண்ணுமே தோணல மாப்ள. இப்படி வந்து என்னத்த வாசிக்க?" என்றேன்.

மச்சினன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"வாசிக்காட்டியும் பரவால்ல மச்சான். ஞாயித்துக்கெழம வந்து கிடார மாட்டிக்கிட்டு சும்மா நில்லுங்க. ஆராதனைய லைவ் போட்டா, ஒங்க எடம் மட்டும் பல்லு விழுந்தாப்ல தெரியுது."