தபீதாள் டீச்சரின் பதினோரு வருஷம்

தபீதாள் டீச்சர் இறந்த முப்பதாம் நாள், தாம்பரத்தில் அவர் நாற்பது வருடம் போய்வந்த கோயிலில் நினைவு ஆராதனை வைத்தார்கள். வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை மகள் ஜாஸ்மின் தலையில் விழுந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். கேளம்பாக்கத்தில் இருக்கும் தம்பி ஜோனத்தான் அதைப் போனில் படித்துவிட்டு, போதகர் மூன்று நிமிடம்தான் கொடுத்திருக்கிறார் என்றான். அவனே ஒரு பக்கமாகச் சுருக்கி அச்சுக்கும் அனுப்பிவிட்டான். சிறந்த ஆசிரியை, அன்பான தாய், பாசமுள்ள பாட்டி. இந்த மூன்றையும் எந்த வீட்டுச் சாவுக்கும் அச்சடிக்கலாம்.

ஜாஸ்மினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போன் போட்டாள்.

"கக்கூஸ் பத்தி எழுதியிருந்தேனே, அது எங்கடா?"

"கோயில்ல நின்னு அதைப் படிக்க முடியுமாக்கா?"

"அம்மா பதினோரு வருஷம் அதுக்குத்தான் அலைஞ்சாங்க."

"அலைஞ்சு என்ன கிடைச்சுது?"

ஜாஸ்மின் போனை வைத்துவிட்டாள். அவன் கேட்டது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறைமலை நகரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் தபீதாள் முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்தார். காலை ஏழு மணி மின்சார ரயில், இறங்கி ஷேர் ஆட்டோ, அப்புறம் ஒரு கிலோமீட்டர் நடை. கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளையை அவர் வீட்டுக்கு விடமாட்டார். தெரிந்த பிறகு ஆட்டோ வரை தானே கூட்டிப்போவார். கோபக்காரி. சாக்பீஸ் எறிந்ததும் உண்டு, எறிந்துவிட்டு அதைத் தானே குனிந்து பொறுக்கியதும் உண்டு.

ஏழாம் வகுப்பில் கன்னியம்மா என்று ஒரு பெண். கணக்கில் நூற்றுக்கு நூறு. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தபீதாள் மூன்று முறை அவள் வீட்டுக்குப் போனார். மூன்றாவது முறை அவள் தாய், "இஸ்கூல்ல பொண்ணு எங்க டீச்சர் ஒதுங்கும்?" என்று கேட்டாள். பள்ளிக்குப் பின்னால் முள்வேலியும் ஏரியும்தான் இருந்தன. தபீதாள் திரும்பி வந்தார். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில், பள்ளிக்குக் கழிப்பறை கேட்டுத் தன் முதல் மனுவைக் கொடுத்தார்.

அதன்பின் திங்கட்கிழமைகள் எல்லாம் மனுவுக்கே போயின. ஜாஸ்மினின் பொறியியல் கவுன்சலிங்கும் ஒரு திங்கட்கிழமைதான் வந்தது. அம்மா காஞ்சிபுரத்தில் வரிசையில் நின்றார்; அப்பா கூட வந்து, அவள் கேட்ட எலக்ட்ரானிக்ஸை விட்டு சிவிலை எடுத்துவைத்தார். அவள் பத்து நாள் அம்மாவிடம் பேசவில்லை. அந்த அம்மா ஓய்வுபெற இருந்த கடைசி வருடம் அவளிடமே வந்து, மனுவோடு இணைக்க ஒரு பிளான் போட்டுக் கொடு என்று கேட்டார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தாள். நான்கு கதவு, மேலே தண்ணீர்த் தொட்டி, காற்றுக்குச் சின்ன ஜன்னல். இப்படி இருக்க, 'அன்பான தாய்' என்ற இரண்டு சொல்லை எப்படிச் சும்மா வாசிப்பது?

கழிப்பறை கட்டினார்கள், தபீதாள் ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து. பார்க்கப் போனவர் பூட்டிய கதவைத்தான் பார்த்தார். ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே உடைந்த பெஞ்சுகள். சாவி தலைமையாசிரியரிடம், அவர் லீவில். திரும்பி வந்து அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை.

பாட்டி ஆனபிறகும் அந்தப் பிடிவாதம் போகவில்லை. ஜாஸ்மினின் மகள் அபிகாயில் படித்த பள்ளியில் வீட்டுப்பாடம் எல்லாம் டேப்லெட்டில். "நோட்டைக் காட்டுடி" என்பார். நோட்டே கிடையாது. விடை தப்பானால் சிவப்பு வட்டம் வரும், ஏன் தப்பு என்று வராது. பள்ளிக்கே போய்ச் சண்டை போட்டார். பாட்டியை இனி அனுப்பவேண்டாம் என்று ஜாஸ்மினுக்குச் செய்தி வந்தது. அவளும் அம்மாவைத் திட்டினாள். அதற்கப்புறம் தபீதாள் பேத்தியிடம் நோட்டுக் கேட்கவில்லை. அது நடந்து ஒரு வருடத்துக்குள் போய்விட்டார்.

ஆராதனையில் ஜாஸ்மின் அச்சடித்த தாளைப் பாதிவரை வாசித்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, கன்னியம்மாவைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் சொன்னாள். கழிப்பறை என்ற சொல் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் இருமினார். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அழகாக முடிக்க நினைத்திருந்தாள்; வாய் தவறி, "அம்மா எங்களுக்கு நேரமே கொடுக்கல, அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் கொடுத்தாங்க, அங்கயும் கதவைப் பூட்டிட்டாங்க" என்று வந்துவிட்டது. சொன்ன குரல் புகழ்ச்சி போல இல்லை, புகார் போல இருந்தது. கீழே இறங்கியபோது ஜோனத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வாசலில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துத் தன் பேரைச் சொன்னாள். கன்னியம்மா. மறைமலை நகர் கம்பெனி ஒன்றில் கேன்டீன் வேலையாம். பழைய டீச்சர் ஒருவர் சொல்லி, லீவு போட்டு வந்திருக்கிறாள். அவள் மகள் அதே பள்ளியில் எட்டாவது படிக்கிறாள் என்றாள்.

"இப்பவாவது திறந்து விட்டிருக்காங்களா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"தொறந்துதான் கீதுக்கா. தண்ணிதான் இல்ல. பொண்ணு காலைல வூட்ல போனா, அப்புறம் சாயங்காலம்தான். தண்ணியே குடிக்காம கெடக்குது."

"நான் போட்ட பிளான்ல தொட்டி இருந்துச்சு" என்றாள் ஜாஸ்மின். கன்னியம்மாவுக்கு அது புரியவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஜாஸ்மின் போகவில்லை. இப்போது தலைமையாசிரியர் யார் என்று கேட்டாள். ஜூனில்தான் புதிதாக வந்திருக்கிறார், பேர் தெரியாது என்றாள் கன்னியம்மா, விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னாள்.

"இன்னைக்கே கேட்டுச் சொல்லு" என்றாள் ஜாஸ்மின். இவள்மேல் தப்பில்லை என்று தெரிந்தும் குரல் கடுமையாகத்தான் வந்தது.