‘போர்டு’ என்ற சொல்லும் அம்மா ஏறிய பஸ்ஸும்

சதுரங்கப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் விடிந்தும் விடியாத நேரத்தில் டீசல் புகையும், ஐஸில் கிடந்த வஞ்சிரத்தின் வாடையும் கலந்து ஒரு குளிர்ந்த மணம் அடிக்கும். எனக்கு அதுதான் பள்ளிக்கூடத்தின் மணம், ஏனென்றால் செங்கல்பட்டுச் சந்தைக்கு மீன் விற்கப் போகும் அம்மாவோடு அதே பஸ்ஸில்தான் நானும் அங்கே படிக்கப் போவேன்.

அந்த வயதில் ‘போர்டு’ என்றால் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதி மாட்டிய பலகை. “போர்டப் பாத்து சொல்லுடி, ஏறலாம்” என்பாள் எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. ஆங்கிலப் பாடத்தில் ‘போர்டு தி பஸ்’ என்றால் ‘பஸ்ஸில் ஏறு’ என்று டீச்சர் சொன்னபோது, பலகை எப்படி ஏறுவதாகும் என்று குழம்பிப்போனேன்.

அந்த வருஷம் எங்கள் பஸ்ஸுக்குப் புது கண்டக்டர் வந்தார். ஒரு நாள், கூடையை உள்ளே தள்ளிவிட்டு அம்மா ‘புட்போர்டில்’ கால் வைத்ததும் அவர் கையை நீட்டி மறித்தார்.

“மீன் கூடைலாம் ஏத்த முடியாது. நாறுது. எறங்கும்மா.”

“இன்னாத்துக்கு எறங்கணும்? நானுந்தான டிக்கெட்டு வாங்கறேன்?”

“ஜனங்க பேஜார் பண்றாங்க.”

“எந்த ஜனம்? என் முன்னாலயே கேளு.”

பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் கூடையோடு நின்றார்கள். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது வருவதற்குள் ஐஸ் கரைந்து, சந்தையும் கலைந்துவிடும். அன்றைய மீன் அவ்வளவுதான். உள்ளே நின்றிருந்த நானோ, வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்க்கிறார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். அம்மா உள்ளேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. இரண்டு கம்பிகளையும் பிடித்தபடி வாசலை நிறைத்து நின்றாள். “நான் ஏறிட்டேன். எறக்கணும்னா நீ தூக்கி எறக்கு” என்றாள். குரல் உயரவே இல்லை.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். அப்போது மூன்றாவது சீட்டில் இருந்த ஜவுளிக்கடை பாய், காலடியில் கிடந்த தன் துணி மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “இங்க வைம்மா கூடைய. தெனம் ஒங்க மீனத்தான துன்றோம்” என்றார். யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் கூடையை இழுத்து உள்ளே நகர்த்தினார். அம்மா ஒதுங்கி வழிவிட, பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்தார். மறுநாளிலிருந்து எந்தக் கூடையையும் அவர் மறிக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதுதான், அகராதி ஒன்றைப் புரட்டுகையில் அந்தப் பழைய குழப்பம் தீர்ந்தது. ‘போர்டு’ முதலில் வெறும் பலகை; பிறகு பலகைகளால் ஆன கப்பலின் பக்கச் சுவர். அந்தப் பக்கத்தை அணைந்து மேலே ஏறுவதே ‘போர்டு’ பண்ணுவது; கடற்சண்டையில் எதிரியின் கப்பலுக்குள் பாய்ந்து ஏறுவதற்கும் அதே சொல்தானாம். கப்பலுக்கு இருந்த சொல்லைப் பிறகு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். படித்து முடித்ததும் கம்பிகளைப் பிடித்து நின்ற அம்மாதான் கண்முன் வந்தாள். எங்கள் குப்பத்தில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தோடு ஏறிய ஒருத்தியை எனக்குத் தெரியும் என்று நூலகத்தில் உட்கார்ந்தபடியே கர்வப்பட்டேன்.

இப்போது அந்தத் தடத்தில் ஓடும் பஸ்களுக்குத் தானாக மூடும் கதவு; கையால் எழுதிய பலகை போய், எழுத்துகள் விளக்காக ஓடுகின்றன. கூரைக்கு ஏறும் பின்பக்க ஏணியும் இல்லை. அம்மா சந்தைக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. போன மாதம் அந்த நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கதவு திறந்ததும் ஓர் இளம்பெண் மீன் கூடையை முதலில் உள்ளே வைத்தாள், பிறகு தான் ஏறினாள். யார் முகத்தையும் பார்த்து அனுமதி கேட்கவில்லை.