அம்மா எம்.எல்.ஏ.வுக்குப் போன் பேசியது

சேரங்கோட்டுப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்துகொண்டிருந்த சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆள் ஏறுவதில்லை என்றார்கள். யானையும் ஏறுவதில்லைதான், அது அதே ரோட்டில் நடந்தே போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றாவது படித்த அக்கா ஒருநாள் அந்த யானைக்குப் பயந்து, புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அன்றைக்கே அப்பா முடிவு சொல்லிவிட்டார்: "பஸ்ஸு வராட்டி அடுத்த மாசம் இவளும் கொழுந்து பறிக்க வரட்டும்."

எம்.எல்.ஏ.வுக்குப் போன் போடலாம் என்றாள் அக்கா. ஓட்டுள்ளவர் பேசினால்தான் மதிப்பு என்பது அவள் கணக்கு. அதனால் அம்மாவுக்கு ஒரு வாரமாகப் பாடம் நடத்தினாள்.

சிக்னல் கிடைப்பது கொழுந்து எடைபோடும் ஷெட்டருகே மட்டும்தான். சனிக்கிழமை டீ நேரத்தில் எல்லாப் பெண்களும் சுற்றி நின்றார்கள். அக்கா நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினாள். எடுத்த உதவியாளர், "இருங்க, ஐயாவே பேசறாருங்க" என்றார்.

அம்மா சட்டென்று செருப்பைக் கழற்றினாள். தலைத்துண்டையும் எடுத்துவிட்டாள். மேனேஜரான தொரைக்கு முன்னால் அப்படித்தான் நிற்போம். எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா கிள்ளினாள்.

"சொல்லுங்கம்மா, நல்லா இருக்கீங்களா? ஏதும் குறை இருக்குதுங்களா?"

நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைத் தொரை சுற்றிப்பார்க்க வரும்போது கேட்கிற அதே கேள்வி. பிறந்ததிலிருந்து பழகிய பதில் அம்மா வாயில் முந்திக்கொண்டது.

"ஒரு கொறையும் இல்லீங்க தொரை."

"ரொம்ப சந்தோஷம்மா." போன் கட்டாகிவிட்டது.

அக்கா மறுபடி மறுபடி போட்டாள். கடைசியில் உதவியாளர் எடுத்தார். "ஐயா கெளம்பிட்டாருங்க. கொறை இல்லைன்னு இப்பத்தான சொன்னீங்க?" அக்கா பஸ்ஸையும் யானையையும் சொல்லி முடித்தாள். "சொல்லிப் பார்க்கறேங்க" என்று வைத்துவிட்டார். யாரும் அம்மாவைத் திட்டவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். அம்மா வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்த மாதம் பஸ் வரவில்லை. அடுத்த வருடம் வந்தது. எதனால் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்போது நான் ஆறாவதில் சேர்ந்திருந்தேன். முதல் நாள் பஸ்ஸிலிருந்து குதித்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா, கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்காவின் விரல் வெடிப்புகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போன் பேசித்தான் பஸ்ஸு வந்துச்சுன்னு கண்டக்டர்கிட்ட சொல்லிட்டேன்!"

அக்கா கையை இழுத்துக்கொண்டு எழுந்து போனாள். அம்மா எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நல்ல சேதி சொன்னால்கூடச் சந்தோஷப்படத் தெரியாத வீடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.