எஞ்சின் இல்லாமல் ஏறிய ஜீப்

மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பின் வாடை எங்கே அடித்தாலும் இன்றைக்கும் நான் மழை இருட்டுகிறதா என்று வானத்தைப் பார்ப்பேன். மற்றவர்களுக்கு அது கராஜ் வாடை; எனக்கு அது எங்கள் காம்பராவின் வாடை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அதைத்தான் "காம்பரா" என்போம். அந்த ஒரே அறையில், அடுப்புக்கு எதிர்ச்சுவரோரம் அரிசிச் சாக்கை விரித்து, ஜீப்பின் பிஸ்டன்களை அப்பா வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, அம்மா நிறைவயிற்றை ஒரு கையால் தாங்கியபடி அந்தச் சாக்கைச் சுற்றி வந்து உலை வைப்பாள். அவள் கால் தடுக்கிவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து நிற்பேன். எனக்கு அப்போது பதினொரு வயது. பயப்படப் பழகியது அந்த மாதத்தில்தான். அந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

எங்கள் லயம் யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முதலில் ரப்பர் மரங்களுக்கிடையே ஓடைவரை இறங்க வேண்டும். ஓடையில் கைப்பிடி இல்லாத தாழ்ந்த "சப்பாத்துப் பாலம்". மழைக்காலத்தில் தண்ணீர் அதற்கு மேலாலேயே ஓடும். பாலம் தாண்டியதும் செம்மண் ஏற்றம் ஒன்று. அதன் உச்சியில்தான் தார் ரோடு. மழை நாளில் தோட்டத்துக் கொழுந்து லொறிகூட அந்தச் செம்மண்ணில் கால் வைக்காது, தார் ரோட்டோடு நின்றுவிடும். ஏறிய வண்டி ஒன்றே ஒன்றுதான்: முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் எங்கள் பழைய பெற்றோல் ஜீப். தோட்டம் வேண்டாமென்று தள்ளிய அதை, லயத்து ஆட்கள் சேர்ந்து நடத்திய "சாவுச் சங்கம்" வாங்கி வைத்திருந்தது. பெயர்தான் சாவுச் சங்கம். அந்த ஜீப்பில் பிணமும் போகும், பிள்ளைத்தாய்ச்சியும் போவாள், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் வருவார். அப்பாதான் அதற்கு டிரைவர்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டாவது தடவை, ஜீப் வருவதற்கு முந்திய காலம் அது, அம்மாவைக் கம்பளியில் கிடத்தி மூங்கிலில் கட்டித் தூக்கிப் போனார்கள்; அந்தச் செம்மண் ஏற்றத்தில் தூக்கியவர்கள் வழுக்கி விழுந்தார்கள். அன்றைக்கு அம்மா பிழைத்ததே பெரிய காரியம். அதனால் இந்த முறை கிளினிக்கில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கார்த்திகை பிறந்ததும் வார்டில் வந்து படுத்துவிட வேண்டும், அதற்கு முன் வலி எடுத்தால் ஒரு நிமிஷம் லயத்தில் வைத்திருக்கக் கூடாது.

ஐப்பசி பிறந்த கையோடு ஜீப் நின்றது. பல மாதமாகவே நீலப் புகை கக்கிக்கொண்டும், பெற்றோலோடு போட்டி போட்டு ஒயில் குடித்துக்கொண்டும் இருந்த எஞ்சின், கோயில் வாசலில் வைத்து உள்ளே எதையோ கடகடவென்று அடித்துவிட்டு ஓய்ந்தது. சந்தியில் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக்கை நாங்கள் எல்லோரும் "பாஸ்" என்றுதான் கூப்பிடுவோம். பாஸ் வந்து காதை வைத்துக் கேட்டார், ஒயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், தலையை ஆட்டினார். இரண்டு வழி இருக்கிறது என்றார்.

ஒன்று, பழைய எஞ்சினையே இறக்கி, இரத்தினபுரிக்கு அனுப்பிச் சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டுக் கட்டுவது. ஜீப் ஜீப்பாகவே இருக்கும். ஆனால் இந்தப் பழைய ரகத்துக்குச் சாமான் எப்போது கிடைக்கும் என்று அவரால் சொல்ல முடியாது. மற்றது, யட்டியாந்தோட்டைப் பழைய சாமான் கடையில் கிடக்கும் ஜப்பான் வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கி வைப்பது. தீபாவளிக்கு முன்னால் ஓட்டலாம். ஆனால் அந்த வேன் எஞ்சினின் ஒயில் சட்டி, முன்சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்கும் தண்டு போகிற இடத்திலேயே வந்து உட்காரும். ஆகவே அந்தத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். அதன் பிறகு பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.

அன்றைக்குத் தொடங்கியது சண்டை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, டீசல் பக்கம்.

"மச்சான், டீசல் எஞ்சின் யானை மாதிரிங்க. ரெண்டு சக்கரத்துலயே தூக்கிக்கிட்டுப் போயிரும்."

"யானைக்கும் நாலு காலுதான்டா. முன்னங்கால கழட்டிட்டு செம்மண்ணுல ஏறச் சொல்லு பாப்போம்."

"அப்ப ஒங்க கெழட்டு எஞ்சின் வர்ற வரைக்கும் அக்காவ வலிய அடக்கிக்கிட்டு ஒக்காரச் சொல்றீங்களா?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்ததுதான் என்னைக் கொன்றது. ஒருவர் பொய் சொல்லியிருந்தால் மற்றவரை நம்பிவிட்டுத் தூங்கியிருப்பேன். அம்மா மட்டும் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் குடிச்சிட்டு அப்பறம் கத்துங்க" என்பாள்.

ஜீப் எல்லோருடையதும் என்பதால் சங்கம் கூடியது. கூடியும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எங்கள் ஆட்கள் முடிவு கிடைக்காத காரியத்துக்கு எப்போதும் செய்வதைத்தான் இதற்கும் செய்தார்கள்: மாரியம்மன் கோயிலில் பூ போட்டுப் பார்ப்பது. கல்யாணப் பொருத்தத்துக்கும், கிணறு தோண்டும் இடத்துக்கும் பூ போட்ட கோயிலில் எஞ்சினுக்கும் பூ போட்டார்கள். பழசைக் கட்டுவதற்கு வெள்ளை அலரி, வேன் எஞ்சினுக்குச் சிவப்பு அலரி. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் பூசாரி உருட்டிவிட்டார். ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"இப்புடி வா பாப்பா" என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

சிவப்பு வரவேண்டும் என்று நான் வேண்டினேன். தீபாவளிக்கு முன்னால் என்ற சொல் ஒன்றே என் காதில் நின்றிருந்தது. செம்மண்ணைப் பற்றி நினைக்க எனக்குப் பலமில்லை. எடுத்துக் கொடுத்தேன். பூசாரி இலையைப் பிரித்தார். வெள்ளை.

அப்பா தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டார். "அம்மனுக்கு ஜீப் ஓட்டத் தெரியுமா?" என்று மாமா முணுமுணுக்க, பின்னாலிருந்து யாரோ அவர் தலையில் ஒன்று போட்டார்கள்.

மறுநாள் ரப்பர்க் கட்டைகளில் முக்காலி கட்டி, சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்கினார்கள். சிலிண்டர் இரத்தினபுரிக்குப் போனது. பிறகு ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு வரும் என்பார்கள். மழையில் ரோடு உடைந்தது என்பார்கள். வந்த பிஸ்டன் அளவு மாறி வந்தது என்பார்கள். அப்பா சும்மா இருக்க முடியாமல், பழைய பிஸ்டன்களைத் தினமும் மண்ணெண்ணெயில் கழுவினார். ஒருநாள் பாஸ் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். புதுசு போட்டால் இவை பழைய இரும்புக்குத்தான் போகும், இதை எதற்கு மினுக்குகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

"வுடுங்க பாஸ், கை சும்மா இருந்தா அவருக்கு மனசு ஓடும்" என்றாள் அம்மா.

எனக்கும் ஓடியது. பள்ளிக்கூடம் போகும்போது பாலத்தில் தண்ணீர் எந்தக் கல்வரை வந்திருக்கிறது என்று பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன். வகுப்பில் ஜன்னல் இருண்டால் ரீச்சர் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அம்மா ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் வலியோ என்று கேட்பேன். "அடியே, ஒன் தொல்ல தாங்காமயே எனக்கு வலி வந்துரும் போல" என்று சிரிப்பாள். தீபாவளி வந்தது, போனது. கோயில் வாசலில், வயிறு திறந்து கிடந்த ஜீப்புக்குள் மழைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

கார்த்திகை பிறக்கும்வரை வயிற்றுப் பிள்ளை காத்திருக்கவில்லை. கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்பி வந்துகொண்டிருந்த மத்தியான நேரம், அம்மா அடுப்படியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். கீழே சேலை நனைந்து சிவந்திருந்தது. நான் கத்திய கத்தலில் லயமே திரண்டுவிட்டது. தார் ரோட்டில் கொழுந்து லொறியை மறித்து நிறுத்த மாமா குறுக்குப் பாதையில் ஓடினார். யாரோ மூங்கிலும் கம்பளியும் கொண்டுவந்தார்கள்.

"கம்பளியில ஏற மாட்டேன்" என்றாள் அம்மா. "போன தடவ கீழ போட்டது போதும். அந்த ஜீப்ப எடுங்க."

"எஞ்சின் இல்லியேடி" என்று அப்பா அழுதேவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சாமிக்கு மட்டும் எஞ்சின் இருக்கா? தேர இழுக்கிறீங்கதானே? இழுங்க."

பூசாரி கோயிலுக்குள் போய், திருவிழாவுக்குத் தவிர வெளியே எடுக்காத தேர்வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஜீப்பின் பின்பக்கம் மெத்தை விரித்து அம்மாவைக் கிடத்தினார்கள். அவள் தலை என் மடியில். அப்பா ஸ்டியரிங்கில். முன்மூடி கழற்றிய ஜீப்பில் எஞ்சின் இருந்த இடம் வெறும் குழியாக இருக்க, அதன் வழியாகப் பாதை எங்களுக்குக் கீழே ஓடியதை நான் பார்த்தேன். இறக்கத்தில் ஆட்கள் வடத்தைப் பின்னால் கட்டி இழுத்துப் பிடித்தார்கள், அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். அதுவரை சரி. பாலத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை புரண்டது. இரண்டு பக்கமும் ஆண்கள் இடுப்பைக் கொடுத்து ஜீப்பை அணைத்துக்கொண்டு தள்ளி அக்கரை சேர்த்தபோது, அப்பா பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மிதித்தும் சக்கரம் உருண்டது. நனைந்த பிரேக் பிடிக்கவில்லை.

இனி ஏற்றம். பிடிப்பதற்கு வடத்தைத் தவிர ஒன்றும் இல்லை. வடத்தை முன்னால் மாற்றிக் கட்டினார்கள். ஆண்கள் முன்னால் இழுக்க, கூடையை இறக்கிவைத்த பெண்கள் பின்னால் தள்ள, தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஆளே இங்கும் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையோடு நின்றார். செம்மண் கஞ்சி மாதிரி இருந்தது. இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை யாராவது முகம் குப்புற விழுந்தார்கள். வளைவில் முன்வரிசை மொத்தமாக வழுக்க, ஜீப் பின்னால் போகத் தொடங்கியது. பின்னாலிருந்த பெண்கள் அலறினார்கள், ஆனால் ஒருத்தியும் விலகவில்லை. "கட்ட! கட்ட!" என்று அப்பா கத்தினார். கட்டை விழுந்தது, ஜீப் ஒரு குலுக்கலோடு நின்றது. அம்மாவின் நகம் என் கையில் இறங்கியிருந்தது.

மறுபடி வடம் விறைத்தபோது, பழக்க தோஷத்தில் முன்னால் யாரோ "அரோகரா" என்றார்கள். எல்லோரும் சேர்ந்து "அரோகரா" என்று இழுத்தார்கள்.

"நா இன்னும் சாமி ஆகலடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா சொன்னாள், "மொள்ள இழுங்க."

முன்னால் இழுத்தவர்கள் அழுதார்களா சிரித்தார்களா என்று தெரியாது. உச்சியில் கொழுந்து லொறி நின்றது. சாக்குகளை இறக்கிவிட்டு மாமா தயாராக நின்றார்.

தம்பி பிறந்தான். அம்மா பிழைத்தாள், ஆனால் கருப்பையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கூடை தூக்கி மலைக்குப் போக அவளால் முடியவில்லை. பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்ததால் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சிலிண்டர் கார்த்திகையில் வந்து சேர்ந்தது. பாஸ் கட்டிக் கொடுத்த எஞ்சின் பல வருஷம் நன்றாகவே ஓடியது. வேன் எஞ்சின் போட்டிருந்தால் நேரத்துக்கு ஜீப் இருந்திருக்கும் என்று மாமாவும், இருந்திருந்தாலும் அந்தச் செம்மண்ணில் ஏறியிருக்காது என்று அப்பாவும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சண்டை பிடித்தார்கள். பூவை எடுத்துக் கொடுத்தது நான் என்பதை இருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது ஜீப் தம்பியிடம் இருக்கிறது. கட்டிய எஞ்சினும் தேய்ந்து போக, அவன் யாரையும் கேட்காமல், பூவும் போடாமல் வேன் டீசலைத் தூக்கி வைத்துவிட்டான். முன்சக்கரத்துத் தண்டு ஆட்டுக்கூண்டில் குறுக்குக் கம்பாகக் கிடக்கிறது. பாலத்துக்கு அக்கரையில் செம்மண் அப்படியேதான் இருக்கிறது. "ஓடுதுதானே அக்கா, இன்னும் என்னா ஒனக்கு?" என்று சிரிக்கிறான். அவன் பெண்சாதிக்கு ஐப்பசிக் கடைசியில் பிரசவ நாள்.

தேரை இன்று சிறிய டிராக்டர் ஒன்று இழுக்கிறது. வடம் எலி கடித்து, துணி காயப்போடும் கயிறாக லயமெங்கும் துண்டு துண்டாகத் தொங்குகிறது. போன சம்பளத்தில் நான் ஒரு புதுக் கயிறு வாங்கி, கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். தம்பிக்குத் தெரிந்தால் பைத்தியம் என்பான். மழை இருட்டும் நேரங்களில் லயத்து வாசலில் நின்று காம்பரா காம்பராவாகப் பார்க்கிறேன். இந்த வீட்டில் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அதற்கடுத்ததில் தாய் சவூதியில், பிள்ளைகள் எம்பிலிப்பிட்டியவில். அடுத்தது பூட்டு. அதற்கடுத்ததில் கண் தெரியாத ஒரு கிழவர், என்னைப் பார்க்காமலே "யாரு, பாப்பாவா? மழ வருதா?" என்று கேட்கிறார்.

வருகிறது என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பார்க்கிறேன். கயிறு பிடிக்குமா என்று.