வரைபடத்தில் இல்லாத போசி

மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, உள்ளே புதைந்திருக்கும் குழாயையும் கம்பியையும் கண்டுபிடிக்கிற ரேடார் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். ‘இருந்தோம்’ என்று பன்மையில் சொல்வது பழக்கதோஷம். சரவணம்பட்டியில் அந்தச் சிறிய நிறுவனத்தில் என்னோடு தொடங்கிய இருவரும் ஒரே ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நாற்பத்தாறு வயதில் தனியாக வாழும் பெண்ணான நானும், குழந்தையை வைத்துத் தள்ளிப்போகும் வண்டி அளவுக்கு ஒரு கருவியும்.

சோதனை செய்ய நிலம் தேவைப்பட்டது. அவிநாசிக்குப் பக்கத்தில் தன் தோட்டத்தில் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தை ஒரு பெண் தந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கணவர் இறந்து, மகள் வெளிநாடு போய், இரண்டு மாடுகளோடு இருந்தார். நான் அங்கே இரும்புக் குழாய், பிளாஸ்டிக் குழாய், மண்பானை என்று எட்டுப் பொருட்களைப் புதைத்து, எது எங்கே என்று வரைபடம் போட்டுக்கொண்டேன்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே பொருள் இருந்தால் திரையில் கவிழ்த்த வில் போல ஒரு வளைவு வர வேண்டும். களிமண் அலையை விழுங்கிவிட்டது. இரும்புக் குழாய்க்கு மட்டும் லேசாக ஏதோ தெரிந்தது. அதுவும், அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும் என்பதால் தெரிகிறதோ என்று சந்தேகம்.

சாயங்காலம் கருவியைக் காரில் ஏற்றும்போது மாட்டுக் கொட்டகையிலிருந்து அவர் கேட்பார்.

“ஏனுங்க, இன்னைக்காச்சும் ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?”

“இல்லீங்க.”

பல நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு சொல்தான்.

ஒரு புதன்கிழமை திரையில் வளைவு வந்தது. தெளிவாக, மை வைத்து வரைந்தது போல. ஆனால் வரைபடத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. கல்லாக இருக்கும் என்று மண்வெட்டியால் வெட்டினேன். ஒரு முழ ஆழத்தில் பால் ஊற்றிவைக்கும் எவர்சில்வர் போசி, மூடியோடு.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் வேலியோரம் நின்றிருந்தார்.

“நான்தானுங்க பொதைச்சுப்போட்டேன். தெனமும் நீங்க மொகம் வாடிப் போறதைப் பாக்க மனசு கேக்கலீங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இந்த நெலத்துல என்னென்ன இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ங்க. இப்ப என் அளவெல்லாம் கெட்டுப்போச்சு!” என்று கத்திவிட்டேன். அவர் போசியை எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் கார் ஓட்டிக்கொண்டே யோசித்தேன். நான்கு மாதத்தில் அந்தக் கருவி, என் உதவி இல்லாமல் தானாகக் கண்டுபிடித்த ஒரே பொருள் அந்தப் போசி. எது எங்கே என்று தெரிந்துகொண்டே தேடிய என் சோதனை முறைதான் கெட்டுப்போயிருந்தது, அதுவும் அவரால் அல்ல.

மறுநாள் காலையிலேயே போய் நின்றேன்.

“இன்னும் பொதைக்கோணுங்க. எங்கேன்னு எனக்குச் சொல்லக் கூடாது.”

“அப்பக் கோவமில்லீங்களா?”

“இல்லீங்க. நேத்து நான் பேசுனது தப்புங்க.”

அதன்பின் வாராவாரம் அவர் எதையாவது புதைத்து, வேலியிலிருந்து எத்தனை அடி என்று ஒரு டைரியில் குறித்துக்கொள்வார். உடைந்த கலப்பைக் கொழு, பழைய மோட்டார் மூடி, பிளாஸ்டிக் குடம். நான் தேடுவேன். தவறான இடத்தில் வெட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். குடம் மட்டும் ஆறு வாரம் அகப்படவில்லை. அலையின் அதிர்வெண்ணைக் குறைத்து, கணக்கிடும் நிரலை இரண்டு முறை மாற்றி எழுதிய பிறகு, அதுவும் ஒருநாள் திரையில் வளைந்தது. அன்று அவர் காபி போட்டுத் தந்தார். “நீங்க வார அன்னைக்குத்தானுங்க நானே இத்தனை பேசறேன்” என்றார்.

கருவி தேறிவிட்டது. நகரத்துச் சாலைகளில் குழாய் தேட அதை வேறு ஆட்கள் கொண்டுபோனார்கள். அவர்கள் அனுப்பும் படங்களை அறையில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலையானது. தோட்டத்தில் மக்காச்சோளம் விதைத்தார்கள். நான் போகவில்லை.

போன மாதம் அவரே கூப்பிட்டார். “அறுவடை ஆயிருச்சுங்க. நெலம் சும்மாதான் கெடக்குது. மெசினுக்கு வேலை ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லீங்க. நான் மட்டும் வாரனுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சாப்பிட்டோம். கருவி இல்லாமல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான்கு மணிக்கு அவர் பால் கறக்க எழுந்தார். விடைபெற எழுந்தவள், அவர் பின்னாலேயே கொட்டகைக்குப் போய்க் கன்றைப் பிடித்துக்கொண்டேன்.